ஒரு ஃபோனுக்கு ஒரு குழந்தை

1. பதினாறு

“மேடம், உங்க கேம் என் க்ளாஸ்ல பதினாறு பசங்கதான் இருக்காங்கன்னு சொல்லுது. நான் தினம் முப்பத்தொம்பது பேருக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன். மீதி இருபத்திமூணு பேர் யாரு, பேயா?”

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு அது. பேசியவர் ஜெயந்தி. பெங்களூர் மர்பி டவுன் பள்ளி ஒன்றில், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் தனி வகுப்பின் ஒப்பந்த ஆசிரியை. அந்த வகுப்புக்கான கணக்கு விளையாட்டைச் செய்து கொடுத்தது, ஓய்வு பெற்ற பிறகு நான் ஆலோசகராக இருந்த நிறுவனம். அந்த விளையாட்டு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று வரையறுத்த ரிக்வயர்மென்ட் ஆவணத்தை எழுதியது நான். ஆசிரியைகளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தபோது என் எண்ணையும் கொடுத்திருந்தேன். கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

“டாஷ்போர்டுல ஏதாவது ஃபில்டர் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டேன். முப்பத்தோரு வருட அனுபவம் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: தப்பு எதிராளியிடம் இருக்கிறதா என்று பார்.

“ஃபில்டர் எல்லாம் தெரியாது மேடம். திறந்தா செகப்பா எரியுது, பதினாறுன்னு. அறுபது பர்சண்ட் பசங்க ஆடலன்னா க்ளாஸை மூடிடுவோம்னு ட்ரஸ்ட்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை ரிவ்யூ. க்ளாஸை மூடினா என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க? என் பசங்க ஒண்ணும் சும்னே உக்காந்து இல்ல மேடம். எல்லாரும் ஆடறாங்க. நான் கண்ணால பாக்கறேன்.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் உடனே ஃபோனை வைக்கவில்லை.

“பாத்து சொல்றேன்னு ட்ரஸ்ட்லயும் சொன்னாங்க மேடம். அதான் கேக்கறேன். எப்போ?”

2. சிரிச்சா பாஸ்

என் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில், விமானத்தில் பொருத்தும் கருவிகளுக்கான மென்பொருளுக்கு ரிக்வயர்மென்ட் எழுதும் வேலை. அங்கே ‘வேண்டும்’ என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு டெஸ்ட் கேஸ் உண்டு. இரண்டையும் கோர்க்கும் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விமானம் தரையைவிட்டு எழும்பாது. அறுபது வயதில் பூங்கொத்தும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் இந்திரா நகரில் இருந்த அந்த விளையாட்டு நிறுவனத்துக்குப் போனேன்.

முதல் நாள், அவர்களுடைய ரிக்வயர்மென்ட் ஆவணத்தைக் கேட்டேன். ப்ராடக்ட் ஹெட் விக்ரம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரே ஒரு ஸ்லைடு. அதில் விளையாட்டில் வரப்போகும் முயலின் படம்.

“கேம் ஜாலியா இருக்கணும் மேடம். அதான் ரிக்வயர்மென்ட்.”

“ஜாலியா இருக்கான்னு எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?”

“பசங்க சிரிச்சா பாஸ்.”

“அழுதா?”

“வெர்ஷன் டூல பாத்துக்கலாம்.”

எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். முப்பத்திரண்டு வயது, நல்ல மூளை, கோபமே வராது. கோபமே வராதவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆறு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு ரிக்வயர்மென்ட் எழுதினேன். அப்போதைய திட்டப்படி, அறக்கட்டளை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டேப்லெட் தரும். டேப்லெட்டின் முதுகில் பிள்ளையின் வரிசை எண் ஒட்டப்பட்டிருக்கும். வகுப்பிலேயே ஆடிவிட்டு வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆகவே 4.7 என்ற எண்ணில் எழுதினேன்: ஒரு கருவியை ஒரு மாணவராகக் கணக்கிட வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரன் பிடுங்கி ஆடினால் அது கணக்கில் ஏறக் கூடாது அல்லவா, அதற்காக 4.12: ஒரே ஆட்டத்தில் விடைகளின் தரம் இரண்டு நிலைக்கு மேல் ஏறி இறங்கினால், ஆடுவது உரிய மாணவர் அல்ல என்று கொண்டு அந்த ஆட்டத்தைத் தள்ளிவிட வேண்டும்.

டேப்லெட்டுக்கு இரண்டும் சரி. இன்றும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

பிறகு அங்கே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தேன்: ஃப்ரீஸ். ஆவணம் கையெழுத்தாகிவிட்டால் மாற்றம் கோருபவர் படிவம் நிரப்ப வேண்டும், மூவர் குழு கூட வேண்டும், பதினைந்து வேலை நாட்கள் ஆகும். இளைஞர்கள் முனகினார்கள். நான் பெருமைப்பட்டேன். கண்டவன் கண்டதை மாற்றுவதைத் தடுத்துவிட்டேன் என்ற பெருமை.

3. அறுபத்தோரு இடங்கள்

கையெழுத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது டேப்லெட் திட்டம் விழுந்தது. தேர்ந்தெடுத்த மாடலை நிறுத்திவிட்டார்கள். வேறு மாடலுக்கு மறுபடி அனுமதி வாங்க அறக்கட்டளைக்கு நேரமில்லை.

“எல்லார் வீட்லயும் ஃபோன் இருக்கே மேடம்,” என்றார் விக்ரம். “பேரண்ட்ஸ் ஃபோன்ல போட்டுடலாம். சாஃப்ட்வேர் அதேதான். ஸ்க்ரீன் மட்டும் கொஞ்சம் சின்னது.”

மொபைலில் சூழல் எப்படியெல்லாம் மாறும் என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது நாள் உட்கார்ந்து வேலை செய்தேன். எந்த ஓ.எஸ். வெர்ஷனிலிருந்து ஓட வேண்டும். நடுவில் அழைப்பு வந்தால் ஆட்டம் எங்கே நிற்க வேண்டும். மெமரி நிறைந்தால் எதை முதலில் அழிக்க வேண்டும். நெட் இல்லாதபோது ஆடியதை எப்போது அனுப்ப வேண்டும். ஓ.எஸ். அப்டேட் ஆனதும் பழைய அனுமதிகள் போய்விட்டால் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும். ஃபோனைப் பற்றி இருபத்து மூன்று புதிய ரிக்வயர்மென்ட். யாருடைய ஃபோன் என்பதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

பழைய நூற்றுப் பன்னிரண்டை என்ன செய்தேன்? ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ். ‘டேப்லெட்’ என்று இருந்த இடமெல்லாம் ‘மொபைல் கருவி’. அறுபத்தோரு இடங்களில் மாற்றப்பட்டது என்று திரையில் வந்தது. அந்த பட்டனை அழுத்தியது விக்ரம் இல்லை. நான்.

ஆவணத்தின் ரிவ்யூ மீட்டிங்கில் எட்டுப் பேர். அதில் ரீட்டா ஒருத்தி. டெஸ்டிங் பார்ப்பவள். பிறந்து வளர்ந்தது மர்பி டவுன். வீட்டிலிருந்து நடந்தே வேலைக்கு வருவாள். பன்னிரண்டு நாற்பதுக்கு, எல்லோரும் பசியில் இருக்கும்போது, கையைத் தூக்கினாள்.

“மேடம், 4.7ல ஒரு டவுட். ஒரு ஃபோன்ல மூணு பசங்க ஆடினா?”

“எட்ஜ் கேஸ், எப்பவாவது ஒண்ணு வரும்,” என்றார் விக்ரம்.

“எங்க ஏரியால அதான் சார் கேஸ். வீட்டுக்கு ஒரு ஃபோன், அதுவும் வெளில போயிருக்கும். தலைக்கு ஒரு ஃபோன் எல்லாம் இந்தப் பக்கம்தான்.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ப்ரொஃபைல், தனி நுழைவுத் திரை, அதற்குத் தனி டிசைன் என்று ஒரு மாதம் ஓடும் என்பதும் தெரிந்தது. கையெழுத்து ஐந்து நாளில். எனவே எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்.

“இதை அனுமானங்களுக்கு மாத்திடலாம்,” என்றேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஒவ்வொரு ரிக்வயர்மென்ட் ஆவணத்திலும் ‘அனுமானங்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. எங்கள் டெம்ப்ளேட்டில் அது 2.5. ‘மின்சாரம் இருக்கும் என்று கொள்ளப்படுகிறது’ மாதிரியான வரிகள் வாழும் இடம். ரிக்வயர்மென்டுக்கு டெஸ்ட் உண்டு, அனுமானத்துக்குக் கிடையாது. ரிக்வயர்மென்ட் தவறினால் யாராவது பதில் சொல்ல வேண்டும், அனுமானம் தவறினால் யாரும் சொல்ல வேண்டாம். ஆகையால் ரிவ்யூவில் பதில் இல்லாத கேள்வி ஒன்று வந்தால் அதை 2.5க்கு நகர்த்துவோம். மினிட்ஸில் ‘முடிந்தது’ என்று போடுவோம். ஒரு நல்ல கேள்வியைக் கொலை செய்ய இதைவிடச் சுத்தமான முறை கண்டுபிடிக்கப்படவில்லை. ரத்தம் வராது, எட்டுப் பேர் சாட்சிக் கையெழுத்தும் போடுவார்கள்.

2.5.3: ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மொபைல் கருவி கிடைக்கும் என்று கொள்ளப்படுகிறது.

“ஓகேவா ரீட்டா?”

“நீங்க சொன்னா சரி மேடம்,” என்று லேப்டாப்பை மூடினாள். எல்லோரும் சாப்பிடப் போனோம்.

4. முயல் கோச்சுக்கிச்சு

ஜெயந்தி கூப்பிட்ட மறுநாள் மாலை ரீட்டாவோடு மர்பி டவுனுக்குப் போனேன். நான் பிறந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். அங்கிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். அறுபத்து மூன்று வருடத்தில் எத்தனை முறை அந்தத் தெருக்களுக்குள் நடந்திருக்கிறேன் என்று ரீட்டா கேட்டாள். அந்தக் கேள்வியையும் எங்காவது நகர்த்த முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

ஒரு மாடிப்படியில் ஐந்து பிள்ளைகள் ஏணி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஃபோன். அந்த வீட்டு அம்மா ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை முடித்து நாலு மணிக்கு வருகிறார். அதோடு ஃபோனும் வருகிறது. ஆறு மணிக்கு இரண்டும் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடும். அந்த இரண்டு மணி நேரம்தான் ஐந்து பேருக்கும். இருவர் அந்த வீட்டுப் பிள்ளைகள், மூவர் அக்கம்பக்கம். ஐவரும் ஜெயந்தியின் வகுப்பு.

எட்டு வயது இருக்கும் ஒரு பெண், படியின் உச்சியில் உட்கார்ந்து நடுவராக இருந்தாள்.

“ஒருத்தருக்கு ஒரு கணக்கு ஆன்ட்டி. ரைட்டு போட்டாலும் பாஸ் பண்ணணும், தப்பு போட்டாலும் பாஸ் பண்ணணும். ரெண்டு போட்டா அவுட்டு.”

“யாரு போட்ட ரூல்?”

“டீச்சர். இல்லாங்காட்டி இவன் ஃபோனை வுடவே மாட்டான்.”

“போடி, நீதான் நேத்து மூணு போட்டே!”

“அது முயல் கோச்சுக்கிச்சு, அதனால சேராது!”

முயல் கோபித்துக்கொண்டதா? கொஞ்ச நேரத்தில் நானே பார்த்தேன். முதல் பிள்ளை ஏழையும் ஐந்தையும் கூட்டத் தெரியாமல் தவறாகப் போட்டான். அடுத்தவள் வகுத்தலை நொடியில் முடித்தாள். மூன்றாமவன் தப்பு. நான்காமவள் பின்னத்தைச் சரியாகப் போட்டாள். திரை மஞ்சளானது. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது: ‘நீயே விளையாடு, கண்ணா! இந்த ஆட்டம் கணக்கில் சேராது.’ ஐந்து பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். அது விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தார்கள். முயலைக் கோபப்படுத்துவதுதான் அவர்களுக்குப் பெரிய வெற்றி.

விக்ரமின் கணக்குப்படி இது பாஸ்.

அந்த வாக்கியம் என்னுடையது. ‘கண்ணா’ என்ற சொல்லைச் சேர்த்ததும் நானே, அதட்டல் மாதிரி இருக்கக் கூடாது என்று. சண்டை போடாமல் ஐந்து பிள்ளைகள் முறைவைத்து ஒழுங்காக ஆடுகிறார்கள். என் மென்பொருளுக்கு அவர்கள் ஐவரும் சேர்ந்து பித்துப் பிடித்த ஒரே குழந்தை. அந்தக் குழந்தையையும் அது வெளியே தள்ளுகிறது.

“ஆச்சா? ஆறு மணிக்கு எனக்கு ஃபோன் வோணும்,” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

இரண்டு மாலைகளில், ஜெயந்தியின் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா வீடுகளுக்கும் போனோம். ரீட்டா அட்டவணை போட்டாள்: பிள்ளை, ஃபோன், ஃபோனுக்குச் சொந்தக்காரர், வீட்டில் இருக்கும் நேரம். முப்பத்தொன்பது பிள்ளைகள், ஒருவர் விடாமல் ஆடுகிறார்கள். ஃபோன்கள் இருபத்திரண்டு. ஆறு ஃபோன்களில் கூட்டம் அதிகம். அவை 4.12இல் விழுந்து மொத்தமாக மறைந்துவிட்டன. மீதி பதினாறு. ஜெயந்தியின் திரையில் சிவப்பாக எரிந்த பதினாறு அதுதான். மென்பொருளில் ஒரு பிழைகூட இல்லை. நான் எழுதியதை எழுதியபடியே செய்திருந்தது.

5. அது லேபிள் மேடம்

வெள்ளிக்கிழமை காலை விக்ரமின் முன்னால் அட்டவணையை வைத்தேன். ரிவ்யூவுக்கு ஏழு நாள். இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, 4.7ஐயும் 4.12ஐயும் மாற்ற வேண்டும். இரண்டு, அதுவரைக்கும் இந்த எண் பிள்ளைகளைக் குறிப்பது அல்ல, ஃபோன்களைக் குறிப்பது என்று அறக்கட்டளைக்கு ஒரு கடிதம்.

“மாத்தலாம் மேடம், கண்டிப்பா. ஆனா ஃப்ரீஸ் ஆயிடுச்சே. ஃபார்ம் போடணும், கமிட்டி கூடணும், பதினஞ்சு வொர்க்கிங் டேஸ். உங்க ப்ராசஸ்தானே?”

புன்னகையோடு சொன்னார். அதில் நக்கல் இல்லை. அதுதான் என்னை எரித்தது.

“சரி. லெட்டருக்கு ப்ராசஸ் கிடையாது. இன்னிக்கே அனுப்பலாம்.”

“லெட்டர் அனுப்பினா மத்த ஸ்கூல் ரிப்போர்ட்டும் தப்பான்னு கேப்பாங்க.”

“தப்புதான்.”

“இல்ல மேடம். டேட்டா தப்பில்ல. டேட்டா டிவைஸை எண்ணுது. கரெக்டா எண்ணுது. அவங்கதான் அதை பசங்கன்னு படிச்சுக்கிறாங்க.”

“ஸ்க்ரீன்ல ‘ஆடும் மாணவர்கள்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு விக்ரம்.”

“அது லேபிள் மேடம்.”

இந்த மூன்று சொற்களை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கும் எண்ணுக்கு மேலே ஒரு பொய் எழுதியிருக்கிறது. கேட்டால், அது லேபிள்.

“அந்த டீச்சர் வேலை போயிடும்.”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒரு டீச்சருக்காக ஓவரால் ப்ரோக்ராமை ரிஸ்க் பண்ண முடியுமா? நெக்ஸ்ட் மந்த் இன்னும் இருபது ஸ்கூல் வருது. நீங்க கொஞ்சம் எமோஷனல் ஆகறீங்க.”

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் அலுவலகத்தில் சரியான விஷயத்தைச் சொன்னால் அதற்குப் பெயர் எமோஷனல். எழுந்து வந்துவிட்டேன். கத்தினால் அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும்.

இடத்துக்கு வந்து என் ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதை எழுதிய நானே முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எழுதுவது வேறு, படிப்பது வேறு. 2.5இன் கடைசியில் ஒரு பத்தி இருந்தது. பழைய நிறுவனத்தின் டெம்ப்ளேட்டிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. ‘மேற்கண்ட அனுமானங்களில் எதுவும் பொய்யானால், ஆவணத்தை எழுதியவர் அதை உடனடியாக வாடிக்கையாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.’ அதே பக்கத்தின் கீழே விக்ரமின் கையெழுத்து. பக்கத்தில் அறக்கட்டளையின் கையெழுத்து. குழு வேண்டாம், படிவம் வேண்டாம், பதினைந்து நாள் வேண்டாம். எழுதியவர் தெரிவிக்க வேண்டும். எழுதியவர் நான்.

அறக்கட்டளைக்கு ஒரு பக்கம் எழுதினேன். அனுமானம் 2.5.3 பொய். உங்கள் திரையில் ‘ஆடும் மாணவர்கள்’ என்று இருப்பது ஃபோன்களின் எண்ணிக்கை, அதிலும் சில விடுபட்டவை. மர்பி டவுன் வகுப்பில் முப்பத்தொன்பது பேரும் ஆடுகிறார்கள், ஆதாரம் இணைப்பில். அனுமானம் பொய்யாகலாம் என்று ஆவணத்தின் ரிவ்யூவிலேயே சொல்லப்பட்டது. அதை ஒதுக்கியது நான்.

ரீட்டாவைக் கூப்பிட்டு, அட்டவணையில் அவள் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றேன். எனக்கு ஓய்வூதியம் உண்டு, அவளுக்கு வேலைதான் உண்டு.

“டெஸ்ட் பண்ணது நான் மேடம். பேர் இல்லாம அனுப்பினா அது டெஸ்ட் ரிப்போர்ட் இல்ல, மொட்டைக் கடுதாசி. போடுங்க.”

“யோசிச்சியா?”

“அன்னிக்கு மீட்டிங்லயே சண்டை போட்டிருக்கணும். பசிச்சுது, வுட்டுட்டேன்.”

விக்ரமுக்கு ஒரு நகலோடு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘நோட்டட், மேடம்.’ திங்கட்கிழமை ரீட்டாவை வேறொரு ப்ராடக்டுக்கு மாற்றினார்கள். அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. வழியனுப்ப நல்ல கேக்காக வாங்கியிருந்தார்கள்.

6. ஐந்து விநாடி

ரிவ்யூ நடந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயந்தி கூப்பிட்டார். வகுப்பு தொடரும். திரையின் எண்ணை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவர் எழுதும் பதிவேடுதான் கணக்கு. அவர் வேலையும் இருக்கிறது.

“சந்தோஷம்,” என்றேன்.

“சந்தோஷந்தான் மேடம். ஆனா நான் தேங்க்ஸ் சொல்லப்போறது இல்ல. கோச்சுக்காதீங்க. உங்ககிட்ட கண்ணால பாக்கறேன்னு சொன்னேன், ஆனா உள்ளுக்குள்ள பத்து நாள் என் பசங்களை நானே சந்தேகப்பட்டேன். ஒருவேளை பொய் சொல்றாங்களோ, ஆடாமயே ஆடினேன்றாங்களோன்னு. ஒரு பொண்ணை அதுக்காக க்ளாஸ்ல நிக்க வெச்சேன். அதுக்கு நீங்களும் ஒண்ணும் பண்ண முடியாது, நானும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த அழைப்பு அல்ல. அடுத்த வாரம் அறக்கட்டளையிலிருந்து வந்த ஒன்று. கடிதத்துக்கு நன்றி சொல்லக் கூப்பிட்ட அங்குள்ள அதிகாரி அம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “இது போன டெர்மே தெரிஞ்சிருந்தா ஒக்கலிபுரம் க்ளாஸை மூடியிருக்க மாட்டோம்.”

ஒக்கலிபுரத்தில் ஒரு வகுப்பு இருந்தது எனக்குத் தெரியும். மூடியது தெரியாது. யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த ஆசிரியையின் பெயர் சரோஜா. அந்தப் பள்ளியில் விசாரித்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவரைக் கண்டுபிடித்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

“மாத்தி மாத்தி ஆடறாங்கன்னு எனக்கு மொத வாரமே தெரியும் மேடம். அதனாலதான் நம்பர் கம்மி வருதுன்னும் தெரியும்.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னேனே. கேமுக்குள்ளயே ஃபீட்பேக்னு பட்டன் இருக்கில்ல, அதுல நாலு வாட்டி எழுதினேன். ஒரு ஃபோன்ல நாலு பசங்க, கணக்கு தப்பா காட்டுதுன்னு. ஒவ்வொரு வாட்டியும் டக்குனு பதில் வந்துச்சு. ‘நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’னு. யாரோ படிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்.”

அந்த நன்றி ஐந்து விநாடிக்குள் வர வேண்டும் என்பது ரிக்வயர்மென்ட் 6.2. அதையும் நான்தான் எழுதினேன். டெஸ்டில் முதல் முறையே பாஸ் ஆனது. எழுதுவதை ஒரு மனிதர் படிக்க வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. யாராவது படிப்பார்கள் என்று கொண்டேன். அதை 2.5இல் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வரிசையில் என் பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. “உங்களுக்கு ஏதாவது காப்பி எடுக்கணுமா மேடம்?” என்று கேட்டார் சரோஜா. இல்லை என்றேன். “அப்போ கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க,” என்றார். தள்ளி நின்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஃபோன் மாறும், ஓ.எஸ். மாறும், திரையின் அளவு மாறும். அதற்கெல்லாம் எழுதத் தெரிந்த ஆட்கள் பெங்களூரில் தெருவுக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அனுமானங்கள் பகுதியில் ஒரு வரியைப் போடும் முன், அந்த வரி பொய்யானால் அடி வாங்கப்போகிறவர் யார் என்று அவர் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். பதவியை அல்ல, பெயரை. பெயர் தெரியாவிட்டால் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால் அந்த வரியை எழுதும் தகுதி உங்களுக்கு இல்லை. எனக்கு இருக்கவில்லை.